எங்கள் பெயரும் எங்கள் படமும் யாருடைய கையில்?



"தனியுரிமை" என்ற சொல் சில வருடங்களாகப் பத்திரிகைகளிலும் வானொலியிலும் அடிக்கடி வருகின்றது. இணையத்தில் தனியுரிமை என்றதும், அது கணினி படித்தவர்களின் விடயம், வெளிநாட்டில் இருப்பவர்களின் கவலை, கந்தளாயில் வயலும் வீடுமாக வாழும் நமக்கு இதனால் என்ன என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. "ஒளிக்க ஒன்றும் இல்லாதவளுக்கு எதற்குத் தனியுரிமை?" என்று கேட்பவர்களும் உண்டு.

சற்று எண்ணிப் பார்ப்போம். யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் தன் வாழ்நாளில் எத்தனை படிவங்களை நிரப்பியிருப்பாள்? இடம்பெயர்ந்தபோது ஒரு பதிவு, நிவாரணத்துக்கு ஒரு பதிவு, மீள்குடியேற்றத்துக்கு இன்னொரு பதிவு. கணவனின் மரணச் சான்றிதழுக்கும் நட்டஈட்டுக்கும் விண்ணப்பங்கள். காணாமற்போன பிள்ளைக்காக ஒவ்வொரு ஆணைக்குழு வரும்போதும் ஒவ்வொரு மனு. பிறகு வீட்டுத்திட்டம், நுண்கடன், சமுர்த்தி, 2023ஆம் ஆண்டு தொடங்கிய அஸ்வெசும. ஒவ்வொன்றிலும் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் விபரம், வீட்டில் ஆண் துணை உண்டா இல்லையா என்ற விபரம். பல இடங்களில் படமும் எடுப்பார்கள்.

முன்பு இந்தத் தாள்கள் ஏதோ ஓர் அலுமாரியில் கோவையாகக் கிடந்தன. இன்று அதே தாளைக் கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்து ஒரு வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒரு நொடி போதும். தனியாக வாழும் ஒரு பெண்ணின் தொலைபேசி இலக்கமும் வீட்டு முகவரியும் தெரியாத ஒருவர் கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே தனியுரிமை என்பது நம்முடைய பாதுகாப்பு, நம்முடைய மானம் பற்றிய விடயம். இம்மாதம் இதுபற்றிப் பல நாடுகளின் செய்தி ஊடகங்கள் எவ்வாறு எழுதின, நமது நாட்டில் நிலைமை என்ன என்பதைப் பார்ப்போம்.

பெரிய செய்திகளும் நமது செய்திகளும்

2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று உலகெங்கும் மக்களின் தொலைபேசி, இணையத் தொடர்புகளைத் திரட்டி வந்தமை வெளியாகியது. அங்கு வேலை செய்த எட்வேர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களை இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையும் அமெரிக்காவின் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் வெளியிட்டன. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இன்னொரு செய்தி வந்தது. முகநூல் பாவனையாளர்களின் விபரங்களைக் கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா என்ற கம்பனி தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியிருந்தது. 8 கோடியே 70 இலட்சம் வரையானவர்களின் விபரங்கள் இவ்வாறு போயிருக்கலாம் என முகநூல் நிறுவனமே பின்னர் கூறியது.

இச்செய்திகள் நமது தமிழ், சிங்களப் பத்திரிகைகளிலும் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் வந்தன. நல்லதுதான். ஆனால் அவற்றை வாசித்த ஒரு பெண், தனியுரிமையை மீறுவது அமெரிக்க அரசாங்கமும் பெரிய கம்பனிகளும் மட்டுமே என்று எண்ணியிருப்பாள். அவளுடைய பெயரைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் ரீலோட் கடையும், அவளுடைய அழுத முகத்தை முன்பக்கத்தில் போடும் பத்திரிகையும் அந்தச் செய்திக்குள் வரவில்லை.

ரீலோட் கடை என்றதும் இந்தியாவில் வந்த ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகை, உத்தரப் பிரதேச மாநிலத்தில் தொலைபேசிக்குப் பணம் நிரப்பும் சில கடைகளில் பெண்களின் இலக்கங்கள் விற்கப்படுவதை வெளிப்படுத்தியது. பெண்ணின் தோற்றத்தைப் பார்த்து 50 ரூபாயில் இருந்து 500 ரூபாய் வரை விலை வைத்தார்களாம். வாங்கிய ஆண்கள் அந்தப் பெண்களுக்கு இரவு பகலாக அழைப்பு எடுத்தனர். அந்த மாநிலப் பொலிசின் பெண்கள் உதவி இலக்கத்துக்குக் குவிந்த முறைப்பாடுகளுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருந்தது. சாதாரணப் பெண்ணின் தனியுரிமை எங்கே உடைகின்றது என்பதைக் காட்டிய செய்தி அது.

தமிழ்நாட்டின் இரண்டு வழக்குகள்

பத்திரிகைக்கும் தனியுரிமைக்கும் இடையிலான எல்லை எது என்பதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு ஒன்று, ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில்தான் கிடைத்தது. சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் என்பவரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முற்பட்டது. அதில் தங்களுடைய அதிகாரிகளின் தொடர்புகள் வெளிவரும் என்பதால் சிறை நிர்வாகம் தடுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1994 ஒக்டோபர் 7ஆம் திகதி தீர்ப்பு வழங்கியது.

அத்தீர்ப்பில் நாம் மனதில் வைக்க வேண்டிய மூன்று விடயங்கள் உண்டு. முதலாவது, ஒவ்வொருவருக்கும் தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற சொந்த விடயங்களில் பிறர் தலையீடின்றி இருக்கும் உரிமை உண்டு. இரண்டாவது, அரச உத்தியோகத்தர் தம் கடமையில் செய்த காரியங்களுக்கு அந்த மறைப்பைக் கேட்க முடியாது. மூன்றாவது, நீதிமன்றப் பதிவுகள் போன்ற பகிரங்க ஆவணங்களில் உள்ளதைப் பத்திரிகை எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ உள்ளான பெண்ணின் பெயரை, பதிவில் இருந்தாலும், வெளியிட்டு அவளை மேலும் அவமானப்படுத்தக் கூடாது.

அதிகாரம் உள்ளவரின் கடமைக் காரியம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவளின் பெயர் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். இந்த ஒழுங்கு தலைகீழாகும்போதுதான் அநியாயம் நடக்கின்றது.

அது தலைகீழானதை 30 வருடங்களின் பின் சென்னையில் கண்டோம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு உள்ளானார். துணிந்து பொலிசில் முறைப்பாடு செய்தார். அந்த முறைப்பாட்டின் முதல் தகவல் அறிக்கை பொலிசாரின் இணைய முறைமையில் பூட்டப்படாமல் கிடந்தது. அவருடைய அடையாளம் காட்டும் விபரங்களோடு அது பலருடைய கைகளுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் பொலிஸ் அதிகாரிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்ததுடன், விபரம் வெளியானமைக்காக 25 இலட்சம் ரூபாயை இடைக்கால நட்டஈடாக அந்த மாணவிக்கு வழங்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூன் மாதத்தில் மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அறிக்கை வெளியானதை விசாரிக்கப் போன பொலிசார், அதனைப் பார்த்த ஊடகவியலாளர்களின் கையடக்கத் தொலைபேசிகளைப் பறித்தனர். ஒரு செய்தியாளரின் தொலைபேசியில் அவருக்குத் தகவல் தந்த எத்தனையோ பேரின் பெயர்கள் இருக்கும். பத்திரிகையாளர் மன்றம் நீதிமன்றம் சென்றது. தொலைபேசிகளைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெண்ணின் தனியுரிமையைக் காப்பாற்றுகின்றோம் என்ற பெயரில் செய்தியாளரின் வாயை அடைக்கவும் இடம் உண்டு என்பதை இச்சம்பவம் காட்டுகின்றது.

நோர்வேயும் கென்யாவும்

நமது உறவினர் பலர் வாழும் நோர்வேயில் நிலைமை வேறு. அங்கு ஒருவர் எவ்வளவு வருமானம் காட்டினார், எவ்வளவு வரி கட்டினார் என்பதை மற்றவர்கள் இணையத்தில் பார்க்க முடியும். நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் 2014ஆம் ஆண்டில் அங்கே ஒரு மாற்றம் செய்தார்கள். என்னுடைய விபரத்தை யார் தேடிப் பார்த்தார் என்பதை நானும் பார்க்கலாம் என்றார்கள். அதன்பின் வேடிக்கைக்காகத் தேடுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. பார்ப்பவரும் பார்க்கப்பட வேண்டும் என்ற எளிய ஒழுங்கு அது.

அதே நோர்வேயில் பத்திரிகையாளர்கள் தாங்களே வகுத்த ஒழுக்கக்கோவை ஒன்று 1936 முதல் உண்டு. துயரத்திலும் அதிர்ச்சியிலும் இருப்பவர்களிடம் கரிசனையாக நடந்துகொள்ள வேண்டும், இறந்தவர், காணாமற்போனவர் யார் என்பதைக் குடும்பத்தினர் அறியும் முன் வெளியிடக் கூடாது என்று அது சொல்கின்றது. வரிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் நாடு, அழும் தாயின் முகத்தை மூடி வைக்கச் சொல்கின்றது.

இது பணக்கார நாட்டின் கதை என்று சொல்வோருக்குக் கென்யாவின் கதை உண்டு. அங்கு 2019ஆம் ஆண்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2023 செப்டெம்பரில் அதன் ஆணையாளர் மூன்று தண்டப் பணங்களை விதித்தார். பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகளின் படங்களை வெளியிட்ட ஒரு பாடசாலைக்கு 45 இலட்சத்து 50 ஆயிரம் ஷில்லிங். வாடிக்கையாளர் ஒருவரின் படத்தை அவரது சம்மதமின்றி இணையத்தில் போட்ட ஒரு களியாட்ட விடுதிக்கு 18 இலட்சத்து 50 ஆயிரம் ஷில்லிங். மூன்றாவது தண்டப்பணம் தொலைபேசி மூலம் கடன் கொடுக்கும் ஒரு கம்பனிக்கு. ஆட்களுடைய பெயர், இலக்கங்களை வேறு ஆட்களிடம் இருந்து எடுத்து, பயமுறுத்தும் செய்திகளும் அழைப்புகளும் அனுப்பியதே அதன் குற்றம். கென்யப் பத்திரிகைகள் இதனை எழுதின; சாதாரண மக்களும் முறைப்பாடு செய்யலாம் என்பதை அறிந்தனர். நுண்கடன் உத்தியோகத்தர் வாசலில் வந்து நின்று அயலவர் கேட்கச் சத்தமிடுவதை அனுபவித்த நமது சகோதரிகளுக்கு இந்தக் கடைசிச் செய்தி நன்கு விளங்கும்.

நமது நாட்டில்

நமது தண்டனைச் சட்டக்கோவையில், பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரங்களை வெளியிடுவது குற்றம் என்று 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இயங்குகின்றது. பத்திரிகை ஆசிரியர்களின் ஒழுக்கக்கோவையும் உண்டு. அப்படியிருந்தும், 2015 மே மாதத்தில் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கொல்லப்பட்டபோது அவருடைய பெயரும் முகமும் எங்கும் போடப்பட்டன. நீதி கேட்டு மக்கள் வீதிக்கு வந்தது நியாயமானது. ஆனால் அந்தப் பிள்ளை இருந்த கோலத்தின் படங்கள் தொலைபேசிக்குத் தொலைபேசி அனுப்பப்பட்டது எந்த நீதிக்கும் உதவவில்லை. அவற்றை அந்தத் தாய் எத்தனை முறை பார்க்க நேர்ந்திருக்கும்? இப்பக்கத்தில் அவருடைய பெயரை நாம் எழுதவில்லை.

2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின்னர், தேடப்படுவோர் எனப் பொலிசார் சில படங்களை வெளியிட்டனர். அவற்றுள் ஒரு படம் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, தாக்குதலுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு முஸ்லிம் மாணவியினுடையது. பொலிசார் தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டனர். ஆனால் அதற்கிடையில் படம் எங்கும் பரவி, அந்த மாணவிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மூவினத்தவரும் வாழும் கந்தளாயில், ஒரு தவறான படம் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும்.

அண்மைக் காலத்தில் இன்னொரு வகை ஊடகம் நமது வாசலுக்கே வந்திருக்கின்றது. உதவி செய்வதாகக் கூறி ஏழை வீடுகளுக்கு வந்து, அங்குள்ள பெண்களின் கதையை அழ அழக் கேட்டுக் காணொளியாக வெளியிடும் யூடியூப் தளங்கள் பல உருவாகின. வெளிநாட்டில் உள்ள நம் உறவுகள் அதனைப் பார்த்துப் பணம் அனுப்புகின்றனர். உண்மையாகப் பயன் பெற்ற குடும்பங்களும் உண்டு. ஆனால் 2025 மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் இவ்வாறான காணொளிகளை வெளியிட்டு வந்த ஒருவர், ஒரு வீட்டில் பெண் பிள்ளையிடம் பேசிய விதம் பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, பொலிசாரால் கைது செய்யப்பட்டார். அரிசிப் பொதிக்காக முகத்தைக் காட்ட வேண்டும் என்பது உதவி ஆகாது. அந்தக் காணொளி பத்து வருடங்களின் பின்னும் இணையத்தில் இருக்கும். அந்தப் பிள்ளைக்குத் திருமணம் பேசும்போதும் இருக்கும், வேலைக்குப் போகும்போதும் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கின்றது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரச நிறுவனங்கள், கம்பனிகள், அரச சார்பற்ற நிறுவனங்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் வகையில் ஆக்கப்பட்டது. நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கின்றார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தும்படி கேட்கவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் அதில் உரிமை உண்டு. உடல்நலம், இனம், மதம், கைரேகை, பிள்ளைகளின் விபரம் என்பவற்றுக்கு விசேட பாதுகாப்புச் சொல்லப்பட்டுள்ளது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் அத்திகதி பின்போடப்பட்டது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ விரைவாகவே வந்தது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவரது தனிப்பட்ட விபரத்தை இணையத்தில் போடுவது அதன்படி குற்றம். அதேவேளை, அரசை விமர்சிப்பவர்களுக்கு எதிராக அதனைப் பாவிக்கலாம் என்று ஊடக அமைப்புகள் எதிர்த்தன. எந்தச் சட்டம் விரைந்து வந்தது, எது பின்போடப்பட்டது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

மூடுவதும் திறப்பதும்

இங்கே ஒரு சகோதரி கேட்கலாம்: "காணாமற்போனவர்களின் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் படத்தை வீதியில் ஏந்தி நிற்கின்றார்களே, அது தனியுரிமைக்கு மாறானது இல்லையா?" இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டத்திலும், திருகோணமலையில் நடந்த போராட்டங்களிலும் அந்தத் தாய்மார் தாங்களே தீர்மானித்துப் படத்தை உயர்த்தினார்கள். உலகம் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அதே தாய் நிவாரண வரிசையில் நிற்கும்போது கேட்காமல் படம் எடுத்தால் அது மீறல். தீர்மானம் யாருடையது என்பதுதான் வேறுபாடு.

நமது கந்தளாய்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். மடையைத் திறக்காமலே வைத்திருந்தால் வயல் காயும். ஆகவே போகத்துக்கு முன் கூட்டம் வைத்து, எப்போது, எவ்வளவு என்று தீர்மானித்துத் திறக்கின்றோம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கட்டு உடைந்தபோது அதே நீர்தான் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போனது. நம்முடைய கதையும் அப்படியே. நாம் தீர்மானித்துச் சொன்னால் பலன் தரும். வேறொருவர் உடைத்து விட்டால் அழிவு தரும்.

அதிகாரத்தில் உள்ளவர்கள் தனியுரிமை என்ற சொல்லைத் திரையாகப் பிடிப்பதையும் நாம் அறிய வேண்டும். ருமேனியாவில் 2018 நவம்பரில் ஓர் அரசியல் தலைவருடன் தொடர்புடைய முறைகேட்டை எழுதிய செய்தியாளர்களிடம், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, தகவல் தந்தவர் யார் என்று கேட்டனர். இந்தியாவில் 2023ஆம் ஆண்டில் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவை மாற்றியதால், ஊழலை வெளிக்கொணர்வது கடினமாகும் எனப் பத்திரிகையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. வீட்டுத்திட்டத் தெரிவு எவ்வாறு நடந்தது, காணி ஏன் விடுவிக்கப்படவில்லை என்று கேட்பது எவருடைய தனியுரிமையையும் மீறுவது ஆகாது. அது நமது உரிமை.

நாம் செய்யக்கூடியவை

யாராவது படம் எடுக்கவோ பேட்டி எடுக்கவோ வந்தால், பதில் சொல்லும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் யார், எந்த நிறுவனம்? இது எங்கே வெளிவரும், இணையத்திலும் போடுவீர்களா? பெயரும் முகமும் இல்லாமல் எழுத முடியுமா? பிறகு எடுத்துவிடச் சொன்னால் எடுப்பீர்களா? நல்ல செய்தியாளர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபிப்பவரிடம் கதையைக் கொடுக்க வேண்டியதில்லை. மறுத்ததற்காக உதவியை நிறுத்துவோம் என்று எவராவது சொன்னால், அதனைச் சங்கத்தில் சொல்லுங்கள்.

அடையாள அட்டையின் பிரதி கொடுக்கும்போது, எதற்காகக் கொடுக்கின்றீர்கள் என்பதையும் திகதியையும் பிரதியின் குறுக்கே எழுதிவிடுங்கள். போட்டோக் கொப்பிக் கடையில் பழுதான பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் யாருடைய துன்பமான படமாவது வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பத்திரிகையில் உங்களைப் பற்றிப் பிழையாகவோ கேட்காமலோ எழுதியிருந்தால், பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். இணையத்தில் துன்புறுத்தப்படும் பெண்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

சங்கங்களை நடத்தும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நமது அங்கத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் கடன் விபரமும் நம்மிடமும் உண்டு. உதவி வழங்கும் நாளில் படம் எடுப்பவர்களில் நாமும் உண்டு. அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். பட்டியல் யாரிடம் இருக்கும், எந்தப் படம் வெளியே போகலாம் என்று அங்கத்தவர்களே தீர்மானித்து அறிக்கையில் எழுதி வையுங்கள். பத்திரிகையிடமும் அரசிடமும் நாம் கேட்கும் மரியாதை நமது சங்கக் கொப்பியில் இருந்து ஆரம்பமாகட்டும்.